'க்வைட் குட்' என்று மெயில் வந்தால் சந்தோஷப்படலாமா?

சில வருடங்களுக்கு முன்னால் மதுரையில் ஒரு சின்ன ஆபீசில், லண்டன்காரர் ஒருவருக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். முதல் ரிப்போர்ட்டை அனுப்பியதும் பதில் வந்தது: "க்வைட் குட். ஜஸ்ட் எ ஃப்யூ மைனர் காமென்ட்ஸ்." எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நாலு பேரும் பைக்கை எடுத்துக்கொண்டு விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்தோம். மறுநாள் ஃபைலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. தப்பித்தது அட்டை மட்டும்தான்.

அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அகராதியை நம்பிப் படித்தோம். க்வைட், ப்ரிட்டி, ஃபேர்லி, ராதர், எ பிட் போன்ற அளவுச் சொற்களுக்கு நிலையான அளவு கிடையாது. பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது, குரல் எங்கே அழுந்துகிறது, சொல்கிற ஆள் எந்த ஊர் என்று பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

படி 1: முதலில் நம் ஊர்ப் பேச்சைக் கவனியுங்கள்

கல்யாணப் பந்தியில் இருந்து எழுந்து வருகிற அத்தையிடம் "சாப்பாடு எப்படித்தே?" என்று கேட்கிறீர்கள். "நல்லாருக்குடா" என்றால் பிரச்சினை இல்லை. "நல்லாத்தேன் இருக்கு" என்று வெடுக்கென்று சொன்னால், யாரோ குறை சொல்லியிருக்கிறார்கள், அத்தை சமையல்காரர் பக்கம் நிற்கிறார். அதையே "நல்லாத்தேஏன் இருக்கு..." என்று இழுத்தால் பின்னாலேயே ஒரு 'ஆனா' வரும். சாம்பாரில் உப்பு இல்லை, அல்லது அத்தைக்கு இரண்டாவது வடை வைக்கவில்லை. சொல் ஒன்றுதான், சேதி மூன்று.

'பரவாயில்லை'யும் இப்படித்தான். மார்க் ஷீட்டைப் பார்த்து அப்பா "பரவால்ல" என்று மொட்டையாகச் சொன்னால் பையன் தலையைக் குனிகிறான். "பரவால்லயே!" என்றால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறான். அந்த ஓர் ஏகாரம் செய்கிற வேலை அது. ஆங்கிலத்தின் 'நாட் பேட்' இதற்குச் சரியான ஜோடி. இந்தக் காது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பினால் போதும்.

படி 2: பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

காபி கொஞ்சம் சூடாக இருக்கலாம், ரொம்பச் சூடாக இருக்கலாம். ஆனால் ஒருவர் கொஞ்சமாகச் செத்துப்போக முடியாது. ஏற்ற இறக்கம் உள்ள சொல்லோடு சேர்ந்தால், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'க்வைட்' பெரும்பாலும் 'ஓரளவு'. 'க்வைட் ஹாட்' என்றால் சுமாரான சூடு. முற்றுப்புள்ளி வைத்த மாதிரியான சொல்லோடு சேர்ந்தால் 'முழுக்க'. 'க்வைட் இம்பாசிபிள்' என்றால் நடக்கவே நடக்காது. 'முழுக்க' என்பதுதான் இந்தச் சொல்லின் மூத்த பொருள்; 'ஓரளவு' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 'நாட் க்வைட் ரெடி'யில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது: கிட்டத்தட்ட முடிந்தது, ஆனால் முழுசாக முடியவில்லை.

ஃபேர்லி, ராதர் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் முகம் வேறு. வெளிநாட்டு விருந்தாளிக்குக் கறிதோசை வாங்கிக் கொடுக்கிறீர்கள். 'ஃபேர்லி ஸ்பைசி' என்றால் ரசித்துச் சாப்பிடுகிறார். 'ராதர் ஸ்பைசி' என்றால் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்துங்கள். (நம்மவர்கள் பாராட்டாக நினைத்து 'டூ ஸ்பைசி' என்பார்கள். அது அவர்கள் காதில் புகாராகவே விழும்.)

'எ ஃப்யூ', 'ஃப்யூ' வித்தியாசத்துக்கு நம் 'தான்' ஒன்றே போதும். 'எ ஃப்யூ' என்றால் நாலு பேர் வந்தார்கள். 'ஃப்யூ' என்றால் நாலு பேர்தான் வந்தார்கள்.

படி 3: குரலைப் பதிவு செய்து கேளுங்கள்

போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு 'இட்ஸ் க்வைட் குட்' என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். முதல் முறை 'குட்'டை அழுத்துங்கள். அடுத்த முறை 'க்வைட்'டை அழுத்தி, குரலைக் கீழே இறக்கிக் கடைசியில் லேசாக மேலே தூக்குங்கள். முதலாவது மனசாரச் சொல்வது மாதிரி இருக்கும். இரண்டாவதில் அத்தையின் 'ஆனா' கேட்கும். கேட்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இழுங்கள், வெட்கப்பட வேண்டாம். நான் மொட்டைமாடியில் நின்றுதான் பழகினேன்.

படி 4: ஆள் எந்த ஊர்?

இதே 'க்வைட் குட்'டை அமெரிக்கர் சொன்னால் பெரும்பாலும் 'ரொம்ப நல்லது' என்றே எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ்காரர் குறைத்துச் சொல்லிப் பழகியவர். இந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் ஆற்றங்கரையில் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்து நெருக்கிவிட்டது. பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் புரோடி, அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை 'எ பிட் ஸ்டிக்கி' என்றாராம். அவர் சொல்ல வந்தது, உயிர் போகிற நிலைமை. அமெரிக்கர் புரிந்துகொண்டது, கொஞ்சம் சிரமம், சமாளித்துவிடுவார்கள் என்று. கடைசியில் அந்தக் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது கைதியானார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் 'எ பிட்' என்று பிரிட்டிஷ்காரர் யாராவது எழுதினால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

படி 5: எழுத்தில் குரல் இல்லை, அதனால் கேட்டுவிடுங்கள்

மெயிலில் இழுவை கேட்காது. அதனால் பாராட்டை விட்டுவிட்டு, அடுத்த வரியைப் படியுங்கள். 'பட்', 'ஜஸ்ட்', 'பெர்ஹாப்ஸ்', 'யு மைட் வான்ட் டு' ஏதாவது வந்தால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. அப்புறம், 'ஆர் யு ஹாப்பி வித் இட்?' என்று கேட்காதீர்கள். அதற்கும் 'க்வைட் ஹாப்பி' என்றுதான் பதில் வரும். எண்ணிச் சொல்லும்படி கேளுங்கள்: 'விச் பேஜஸ் ஷுட் வி ரீரைட்?' அதற்கு 'பெர்ஹாப்ஸ் பேஜ் நைன்' என்று பதில் வந்தால், அந்தப் 'பெர்ஹாப்ஸ்'க்குக் 'கட்டாயம்' என்று பொருள். ஒன்பதாம் பக்கத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.