முதலில் ஆக்ஸில், கடைசியில் சோலார்: பழைய டொயோட்டா மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்கு

எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரை அமெரிக்காவில் டொயோட்டா பிக்கப் வண்டியின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு சின்ன வீட்டைக் கட்டி விற்றார்கள். டால்ஃபின், சன்ரேடர், வின்னிபேகோ வாரியர் என்று பல பெயர்கள். டொயோட்டா கொடுத்தது கேபினும் சேசிஸும் எஞ்சினும்தான்; மேலே இருக்கும் வீட்டைக் கட்டியவை வேறு கம்பெனிகள். 18 அடியிலிருந்து 21 அடி வரை நீளம். புதுக் கேம்பர் வேன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்ட இந்தக் காலத்தில் இந்தப் பழைய வண்டிகளை நம் ஆட்களும் தேடி வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

என்னிடம் இருப்பது 1988 டால்ஃபின். 21 அடி, 22ஆர்இ என்ற டொயோட்டாவின் நாலு சிலிண்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். நானும் என் கணவரும் இருப்பது ஒரெகான் மாநிலத்தின் யூஜீன் நகரில், அதாவது அக்டோபரில் தொடங்கி மே வரை மழை நனைக்கிற ஊரில். அதனால் கீழே சொல்வதில் தண்ணீர்ப் பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த சோலார் பேனல், எந்த லித்தியம் பேட்டரி என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: பின்சக்கரத்தில் எத்தனை வீல் நட் இருக்கிறது?

ஐந்தா, ஆறா

பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம் இருக்கும். நட்டுகள் ஐந்து என்றால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். ஆரம்ப கால வண்டிகள் பலவற்றில், சாதாரண அரை டன் சுமை வகைப் பிக்கப்பின் ஆக்ஸிலிலேயே (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) இரட்டைச் சக்கரத்தை மாட்டிவிட்டார்கள். அந்த செமி ஃப்ளோட்டிங் ஆக்ஸிலில் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்தான் வண்டியின் எடையையும் தாங்குகிறது. இரட்டைச் சக்கரம் அந்த எடையை இன்னும் வெளியே தள்ளுகிறது. பேரிங் போனாலோ ஷாஃப்ட் முறிந்தாலோ, இரண்டு சக்கரங்களும் ஷாஃப்டோடு சேர்ந்து கழன்று ஓடிவிடும். இதற்காக அந்தக் காலத்திலேயே வண்டிகளைத் திரும்ப அழைத்து ஆக்ஸிலை மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் எல்லா வண்டியும் போய்ச் சேரவில்லை. மாற்றாத வண்டிகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன.

ஆறு நட்டும், சக்கரத்தின் நடுவில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் தடித்த ஹப்பும் இருந்தால் அது ஒரு டன் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸில். இதில் எடையை ஏற்பது ஹப்பும் அதற்குள் இருக்கும் இரண்டு பேரிங்குகளும். ஷாஃப்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும்தான். எண்பதுகளின் நடுவிலிருந்து வந்தவற்றில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஆனாலும் வருஷத்தை நம்பாதீர்கள், குனிந்து பார்த்து எண்ணுங்கள். ஐந்து நட் வண்டி ஏற்கெனவே கையில் இருந்தால், பழைய டொயோட்டா உடைக்கும் இடங்களில் ஒரு டன் ஆக்ஸில் ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றுங்கள். வீட்டுக்கான செலவெல்லாம் அதற்குப் பிறகு.

ஆறு நட் வண்டிக்கும் பராமரிப்பு உண்டு. பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் அடைத்து, ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். சீல் கசிந்தால் கியர் ஆயில் நேராகப் பிரேக் ஷூவில் இறங்கும். டயர் 185ஆர்14. காருக்கான டயரைப் போடாமல், சுமை வண்டிக்கானதைப் போட வேண்டும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23வது வாரம். பட்டன் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஏழு வருஷம் ஆனால் நான் மாற்றிவிடுவேன். இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். நிற்கும்போதே ரப்பர் வயதாகிறது. இரட்டைச் சக்கரத்தில் உள்டயரின் காற்றைப் பார்க்க எல்லோருக்கும் சோம்பல். வால்வுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுவிட்டால் அந்தச் சாக்கு போய்விடும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின் 100 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

எடை போடுங்கள்

இது என்னதான் வீடாகத் தெரிந்தாலும் கீழே இருப்பது ஒரு சின்ன பிக்கப். என்னுடையதில் அனுமதித்த மொத்த எடை சுமார் 2,700 கிலோ. காலி வண்டியே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே எந்த அப்கிரேடையும் நான் டாலரில் கணக்கிடும் முன் கிலோவில் கணக்கிடுவேன்.

ஒரெகானில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. நெடுஞ்சாலையோர லாரி எடை நிலையங்கள் மூடியிருக்கும் நேரத்திலும் எடைத்தட்டு இயங்கிக்கொண்டே இருக்கும். எண் வெளியே தெரியும். யாரும் ஏற்றிப் பார்க்கலாம், காசு கிடையாது. முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றுங்கள், அப்புறம் பின்சக்கரங்களை மட்டும். தண்ணீர், பெட்ரோல், கேஸ், அரிசி மூட்டை, ஆட்கள் எல்லாம் உள்ளே இருக்கும்போது போட்டதுதான் உண்மையான எடை. கிடைத்த எண்களை ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தகட்டோடு ஒப்பிடுங்கள். மற்ற மாநிலங்களில் பெரிய டிரக் ஸ்டாப்களில் காசு கொடுத்து எடை போடலாம், ஆக்ஸில் வாரியாகச் சீட்டுக் கொடுப்பார்கள்.

பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கிறது, கவனித்தீர்களா? அங்கே ஜெனரேட்டரோ சைக்கிள்களோ தொங்கவிட்டால் சீசா பலகை போல முன்பக்கம் லேசாகும். பின் ஆக்ஸிலில் விழும் சுமையோ, தொங்கவிட்ட பொருளின் எடையைவிட அதிகம். அதனால் பின்பம்பரில் நாங்கள் எதையும் கட்டுவதில்லை.

எடையைக் குறைக்க எங்களுக்குக் கிடைத்த சிறந்த வழி கூரை ஏ.சி.யை எடுத்தது. சுமார் 40 கிலோ, அதுவும் உச்சந்தலையில். அது உட்கார்ந்திருந்த 14 அங்குல சதுர ஓட்டையில் கூரை மின்விசிறி அப்படியே பொருந்தும். வெளியே காற்றைத் தள்ளும் நல்ல விசிறி நம் சமையலுக்குக் கட்டாயம் வேண்டும். இட்லி ஆவி, சோறு வடிக்கும் ஆவி, கேஸ் எரிவதிலேயே வரும் ஈரம் எல்லாம் குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து மரத்துக்குள் போகும். அடுப்பைப் பற்றவைக்கும் முன் விசிறியைப் போடுவதும், ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பதும் என் வழக்கம்.

தண்ணீர் எங்கே நுழைகிறது

இந்த வண்டிகள் எஞ்சின் கெட்டுச் சாவதில்லை, கூரை ஒழுகித்தான் சாகின்றன. என் டால்ஃபின் போன்றவற்றின் சுவருக்குள் மெல்லிய மரச்சட்டமும் தெர்மோகோல் மாதிரியான நுரையும் இருக்கின்றன. சன்ரேடர் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள்: அதன் உடல் பெரிய ஃபைபர் கிளாஸ் ஓடுகளால் ஆனது, மூட்டுகள் குறைவு. மற்றதில் முதலில் அழுகுவது ஓட்டுநர் தலைக்கு மேலே நீட்டியிருக்கும் படுக்கைப் பகுதி. அதன் முன் ஜன்னல், நெற்றியில் வரிசையாக இருக்கும் சின்ன விளக்குகள், ஓரத்து அலுமினியப் பட்டை, கூரையில் ஃபிரிட்ஜ் புகைபோக்கி, இவைதான் வாசல்கள்.

மெத்தையைத் தூக்கிவிட்டு மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று போனால் உள்ளே மரம் இல்லை, மண்தான். ஊசி முனை வைத்த ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அங்கே கசிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கசிவைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த முறை இது. எல்லா ஜன்னல்களையும் மூடி, கூரைத் துவாரம் ஒன்றில் ஒரு பெட்டி விசிறியை அட்டையும் டேப்பும் வைத்து இடைவெளி இல்லாமல் பொருத்தி, காற்றை உள்ளே தள்ளச் செய்யுங்கள். ஒருவர் வெளியே ஏணியில் நின்று எல்லா மூட்டுகளிலும் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். எங்கே குமிழி வருகிறதோ அதுதான் தண்ணீர் போகும் வழி. உள்ளே கறை தெரியும் இடத்துக்கும் வெளியே குமிழி வரும் இடத்துக்கும் நாலடி தூரம்கூட இருக்கலாம்.

பழுதின் மேல் சீலன்ட் பூசுவது வைத்தியம் ஆகாது. பட்டையைக் கழற்றுங்கள். பழைய காய்ந்த புட்டியை பிளாஸ்டிக் சுரண்டியால் முழுதும் எடுங்கள், ஸ்பிரிட்டால் துடையுங்கள். பியூட்டில் டேப்பை (பிசின் போல ஒட்டும் ரப்பர் நாடா) ஒட்டிப் பட்டையை மறுபடி வைத்து, துருப்பிடித்த பழைய திருகாணிகளுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் திருகாணி போடுங்கள். ஒரே மூச்சில் இறுக்க வேண்டாம். வெயிலில் டேப் இளகி வெளியே பிதுங்கும்போது இரண்டாம் முறை இறுக்கிவிட்டுப் பிதுங்கியதை வெட்டுங்கள். கூரை மேல் தானே பரவும் சீலன்ட், சுவரில் வழியாத வகை. சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம். அது விட்டுப்போன பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது, சிலிக்கான்கூட.

சட்டம் அழுகியிருந்தால் உள்பக்கப் பலகையைப் பிரித்து, உறுதியான மரம் வரும் வரை வெட்டி, புதுச் சட்டம் பொருத்துங்கள். மூடும் முன் நன்றாகக் காய வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் சரி.

உள் குழாய்களையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வளையும் குழாய் இருந்தால் அது பாலிபியூட்டிலீன். அந்தக் காலத்தில் வீடுகளிலும் போட்டார்கள், இணைப்புகளில் கசிவதற்குப் பேர்போனது. ஒட்டுப்போடாமல் மொத்தமாக பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு மாறுங்கள்.

எஞ்சின்

22ஆர்இ நீண்ட ஆயுள் கொண்டது, ஒரே ஒரு இடம் தவிர. டைமிங் செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் கைடு நாளாக ஆக உடையும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது முன்பக்கம் கடகடவென்று சத்தம் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். கைடு போன பிறகு செயின் உலோக மூடியை அறுக்கும். மூடிக்குப் பின்னால் கூலன்ட் ஓடுகிறது. அறுபட்டதும் அது எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். மாற்றும்போது உலோக முதுகு வைத்த கைடுகளாகப் போடுங்கள், வாட்டர் பம்ப்பையும் ஆயில் பம்ப்பையும் கூடவே பார்த்துவிடுங்கள். வால்வ் இடைவெளி, எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்டேக் 0.20 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.30. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் வீட்டிலேயே செய்யலாம், நிதானமான வேலை.

வி6 எஞ்சின் இருந்தால் அதில் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட். 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஹெட் கேஸ்கெட்டிலும் ஒரு கண் இருக்கட்டும்.

ஏற்றத்தில் அவசரப்படுத்தாதீர்கள். ஐ-5 சாலையில் கலிஃபோர்னியா எல்லையருகே சிஸ்கியூ கணவாய் 4,310 அடி உயரம். ஓவர்டிரைவை (மேல் கியரை) அணைத்துவிட்டு, வலது ஓரமாக லாரிகளோடு லாரியாக ஏறுவோம். ஆட்டோமேட்டிக் வண்டிக்குத் தனி டிரான்ஸ்மிஷன் கூலர், மூன்று வரிசை ரேடியேட்டர், இரண்டும் போட்ட காசுக்கு மதிப்புள்ளவை.

கேஸ், ஃபிரிட்ஜ், கரண்ட்

கேஸ் டிடெக்டருக்குக் காலாவதித் தேதி உண்டு, பின்பக்கம் அச்சிட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக வேண்டும். மூட்டுகளை நீங்களே சோப்பு நுரை வைத்துப் பார்க்கலாம், ஆனால் ரெகுலேட்டர் அழுத்தத்தை அளந்து சரிசெய்வதைத் தெரிந்த டெக்னீஷியனிடம் விடுங்கள்.

பழைய கேஸ் ஃபிரிட்ஜ் வண்டி சமமாக நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். வண்டியைச் சரிவில் நிறுத்தி ஃபிரிட்ஜை ஓட்டினால் உள்ளே அம்மோனியாக் கரைசல் திரும்பி வராமல் குழாய் கெட்டுப்போகும். அம்மோனியா வாடை வந்தால் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். அந்த ஃபிரிட்ஜின் கதை முடிந்தது. நாங்கள் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வைத்தோம். மாவும் தயிரும் கெடாமல் இருப்பது எங்களுக்கு முக்கியம். இனித் தேவையில்லாத கூரைப் புகைபோக்கியை மூடியதில் கசிவு வாசல் ஒன்று குறைந்தது.

அந்த ஃபிரிட்ஜுக்காகத்தான் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியும் 200 வாட் பேனலும் வந்தன. அதற்கு முன்பே உள்விளக்குகளை எல்.இ.டி. ஆக்கிவிட்டோம், பழைய பல்பு ஒன்று குடித்த கரண்டில் இப்போது மொத்த வண்டியும் எரிகிறது. லித்தியத்தின் எடை பழைய ஈய பேட்டரியில் ஏறக்குறையப் பாதி. இரண்டு விஷயம் கவனியுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது, ஆகவே அதை உள்ளே சீட்டுக்கு அடியில் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் இந்த வண்டியில் சின்னது. லித்தியத்தை நேராக இணைத்தால் அதிகக் கரண்டை இழுத்து ஆல்டர்னேட்டரை எரித்துவிடும். நடுவில் கரண்டை அளவோடு விடும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போதும். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்கட்டும். வெளிக் கரண்டில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய கன்வர்ட்டரையும் லித்தியத்துக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும்.

குளிர்காலத்துக்கு முன்

முதல் உறைபனிக்கு முன் தண்ணீர்த் தொட்டியையும் வெந்நீர் ஹீட்டரையும் காலி செய்து, ஹீட்டருக்குள் போகாதபடி பைபாஸில் வைத்து, குழாய்களில் இளஞ்சிவப்பு ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸை ஓடவிடுங்கள். ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு வரும் வரை திறந்து வைக்க வேண்டும். சிங்க் வடிகாலிலும் ஒரு கப் ஊற்றுங்கள். ரேடியேட்டருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் விஷம், மாற்றி எடுத்துவிடாதீர்கள். வண்டியைத் தார்ப்பாயால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். கூரை இருக்கும் இடத்தில் நிறுத்த முடிந்தால் அதுவே நல்லது.

வசந்தத்தில் குழாய்களைக் கழுவிவிட்டு, தொட்டியில் 57 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி வாசனையில்லாத பிளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் பிளீச் வாடை வரும் வரை ஓட்டி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் வாடை போகும் வரை நல்ல தண்ணீர் விட்டு வெளியேற்றுங்கள். அப்படியே கூரைமேல் ஏறிச் சீலன்ட் வெடிப்புகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.