கிணற்றிலிருந்து தூக்கியதும் வயிற்றை அமுக்காதீர்கள்

முதலுதவிப் பயிற்சிக்கு முதல்முறை வருபவர்களிடம், "நீரில் மூழ்கியவர், மூச்சில்லை, ஆரம்பியுங்கள்" என்றால் பலரின் கை நேராகப் பொம்மையின் வயிற்றுக்குத்தான் போகும். இன்று சொல்லித்தருகிற பலரும் ஒரு காலத்தில் அதையே செய்தவர்கள்தான். நீச்சல் தெரியாமல் ஆழத்தில் இறங்கக்கூடாது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். கரைக்கு வந்த பிறகு நடக்கும் தவறுகளுக்கு வருவோம்.

வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது

பையனை மேலே தூக்கியதும் ஒருவர் அவனைத் தோளில் குப்புறப் போட்டுக்கொண்டு சுற்றுவார். வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். "வருது, வருது, இன்னும் சுத்து" என்று கூட்டம் கத்தும். பிறகு மல்லாத்திப் போட்டு அமுக்குவார்கள். இன்னும் கொஞ்சம் வரும். இத்தனையும் முடிவதற்குள் சில நிமிடங்கள் ஓடிவிடும். ஒரு மூச்சுக் காற்றுகூட உள்ளே போயிருக்காது.

வெளியே வந்தது இரைப்பைத் தண்ணீர். மூழ்கும்போது விழுங்கியது. அது வயிற்றில் கிடந்தால் உயிர் போகாது. நுரையீரலுக்குள் போவது பெரும்பாலும் கொஞ்சம்தான். ஆற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் என்றால் அதுவும் சீக்கிரம் இரத்தத்தில் கலந்துவிடும். வயிற்றை அமுக்கி அதை எடுக்க முடியாது. மாறாக, மதியம் தின்ற சோறும் அமிலமும் தொண்டைக்கு ஏறும். நினைவில்லாதவருக்கு இருமித் துப்பத் தெரியாது. அத்தனையும் மூச்சுக்குழாயில் இறங்கும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பீப்பாயின் மேல் குப்புறப் போட்டு உருட்டினார்கள். தொண்டையில் சிக்கியதை வயிற்றை அழுத்தி வெளியேற்றும் முறையைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக், மூழ்கியவருக்கும் அதுவே முதல் சிகிச்சை என்று பல ஆண்டுகள் வாதாடினார். நிபுணர் குழுக்கள் ஏற்கவில்லை.

மாரடைப்பில் திடீரென விழுந்தவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்கு மிச்சமிருக்கும். அங்கே நெஞ்சை அழுத்துவது மட்டுமே ஆரம்பத்தில் போதும். மூழ்கியவருக்கு ஆக்சிஜன் தீர்ந்துபோய்த்தான் இதயமே நிற்கிறது. அதனால் இங்கே மூச்சுதான் முதலில்.

மட்டமான தரையில் மல்லாத்துங்கள். ஒரு கை நெற்றியில், மறு கையின் இரு விரல் தாடை எலும்புக்கு அடியில். தலையைச் சாய்த்துத் தாடையை உயர்த்தினால் நாக்கு விலகி வழி கிடைக்கும். மூச்சு இருக்கிறதா என்று 10 நொடிக்கு மேல் பார்க்க வேண்டாம். இல்லையென்றால் மூக்கைப் பொத்தி, உங்கள் வாயால் அவர் வாயை முழுக்க மூடி, ஒரு நொடி ஊதுங்கள். நெஞ்சு எழும் அளவு போதும். பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குப் போகும். ஐரோப்பிய வழிகாட்டுதலில் தொடக்கத்தில் 5 மூச்சு, அமெரிக்க முறையில் 2. எதைக் கற்றீர்களோ அதைச் செய்யுங்கள்.

பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி. பெரியவருக்கு ஆழம் 5 செ.மீ., 6-ஐத் தாண்ட வேண்டாம். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. குழந்தைக்கு நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். ஊதியும் நெஞ்சு எழவில்லையா? பெரும்பாலும் தலைச் சாய்வில்தான் கோளாறு. திருத்திவிட்டு மறுபடி ஊதுங்கள்.

நுரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது

வாயிலும் மூக்கிலும் வெள்ளையாக, சில சமயம் இளஞ்சிவப்பாக நுரை பொங்கும். துடைக்கத் துடைக்க வரும். விட்டுவிட்டு ஊதுங்கள். வாந்தி வந்தால் மட்டும் உடலை ஒருக்களித்து, விரலால் வழித்தெடுத்து, மறுபடி மல்லாத்தித் தொடருங்கள்.

திணறலை மூச்சென்று நம்புவது

கரையில் போட்ட மீன் போல எப்போதாவது ஒருமுறை வாய் திறந்து மூடும். அது மூச்சல்ல.

உப்புக்குள் புதைப்பது

மூழ்கியவரை உப்புக்குள் புதைத்து வைத்தால் உயிர் திரும்பும் என்பது வாட்ஸ்அப் பொய்.

பின்னாலேயே குதிப்பது

ஒருவர் மூழ்கிய இடத்தில் மூன்று பேர் சாவது இப்படித்தான். புடவை, வேட்டி, மூங்கில், கயிற்றில் கட்டி மூடியை இறுக்கிய காலி கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள். நீட்டுவதானால் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நீட்டுங்கள். நின்றபடி நீட்டினால் அவர் இழுக்கிற இழுப்பில் நீங்களும் உள்ளே.

108-க்கு எல்லோரும் அடிப்பது

ஒருவர் அடித்தால் போதும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு ஊத ஆரம்பியுங்கள்.

எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று வீட்டுக்குக் கூட்டிப்போவது

மூச்சு நின்று திரும்பியவருக்குச் சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோத்துத் திணறல் வரலாம். மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நினைவு சரியாகத் தெளியாதவரை ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஈரத் துணியைக் களைந்து போர்த்திவிட்டு, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தார், எத்தனை மணிக்கு மூச்சு திரும்பியது என்று மருத்துவர் கேட்பார். கூட்டத்தில் சும்மா நிற்கும் ஒருவரிடம் கடிகாரம் பார்க்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.