ஹோல்டில் போட்டால் பாட்டு கேட்கவில்லையா?

மதுரை மாசி வீதி ஜவுளிக்கடைக்கோ டவுன்ஹால் ரோடு லாட்ஜுக்கோ போன் செய்தவருக்கு ஹோல்டில் பாட்டு கேட்காவிட்டால், லைன் கட்டாகிவிட்டதென்று வைத்துவிடுவார். சித்திரைத் திருவிழா நேரத்தில் அறை கேட்டுக் கூப்பிடுகிறவர் அடுத்த லாட்ஜைத்தான் கூப்பிடுவார்.

முதலில் கோளாறு எங்கே என்று பிரியுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட்டு ஹோல்டில் போட்டுக் கேளுங்கள். அடுத்து வெளியிலிருந்து லேண்ட்லைனில். செல்போனை மட்டும் நம்ப வேண்டாம். இரைச்சலைக் குறைக்கும் வசதி பாட்டையும் சேர்த்து அமுக்கிவிடும். இரண்டிலும் சத்தம் குறைவென்றால் பாட்டு புறப்படும் இடத்தில் கோளாறு. உள்ளே சரியாக இருந்து வெளியே மட்டும் குறைந்தால், வெளி அழைப்பைக் கொண்டுவரும் ட்ரங்க் லைனிலோ ஒலியை டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் கோடெக்கிலோ கோளாறு.

எக்ஸ்டென்ஷன்களை இணைக்கும் பழைய ஈபிஏபிஎக்ஸ் பெட்டியில் வெளியிலிருந்து பிளேயர் இணைத்திருந்தால் கேபிளைப் பாருங்கள். மியூசிக் இன்புட் பெரும்பாலும் மோனோ, அதாவது ஒரே சேனல். அதில் ஸ்டீரியோ பின்னைச் சொருகினால் வலது சேனல் எர்த்தோடு ஷார்ட் ஆகிவிடும். அந்தப் பக்கம் பதிவான வாத்தியம் காணாமல் போகும். இரு சேனலிலும் தலா 470 ஓம் ரெசிஸ்டர் வைத்து ஒன்றாக இணையுங்கள். பிளேயர் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி, மீதியைப் பெட்டியின் மியூசிக் கெயினில் (ஒலி அளவைக் கூட்டும் அமைப்பில்) கூட்டுங்கள்.

நெட்வொர்க் வழியே இயங்கும் புது வகைப் பெட்டியான ஐபி பிபிஎக்ஸில் பெரும்பாலும் பாட்டுக் கோப்புதான் காரணம். சாதாரண போன் லைன் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். தவிலின் தொப்பிப் பக்கத்து அடி, மிருதங்கத்தின் கும்கி பெரும்பாலும் அதற்குக் கீழே. கோப்பின் உச்ச அளவைத் தீர்மானிப்பது இந்த அடிகளே. லைனில் அவை விழுந்துவிட, மிஞ்சிய நாதஸ்வரம் மெலிந்து கேட்கும். அதனால் வரிசை முக்கியம். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் மோனோவாக்கி, 300க்குக் கீழும் 3400க்கு மேலும் வெட்டுங்கள். பிறகு சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸர், 3:1 அளவில். உச்ச அளவை நிர்ணயிக்கும் நார்மலைஸ் கடைசியில்தான், மைனஸ் 3 டெசிபலுக்கு. 8000 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட், 16 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். புல்லாங்குழல், வீணை மட்டும் உள்ள பதிவு இன்னும் நன்றாக எடுபடும்.

ஆஸ்டரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருளில் இயங்கும் பெட்டியானால், அதே பெயரில் வேறு ஃபார்மட்டில் கிடக்கும் பழைய கோப்பையும் அழித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது பழையதையே எடுத்துப் பாடக்கூடும்.

வெளி அழைப்பில் மட்டும் பாட்டு விட்டுவிட்டு வந்தால் ஜி.729 கோடெக்கைச் சந்தேகியுங்கள். அது பேச்சுக்காகச் செய்தது, பாட்டைச் சிதைக்கும். ஜி.711 ஏ-லா வையுங்கள். சத்தம் குறைந்தால் அனுப்புவதை நிறுத்தும் சைலன்ஸ் சப்ரஷனையும் அணையுங்கள். ட்ரங்க் கெயினை மட்டும் ஏற்றாதீர்கள்: பேச்சும் சேர்ந்து உயர்ந்து, எக்கோ கிளம்பும்.