முதல் தடவை எம்.எல்.ஏ ஆனவங்களுக்கு: சட்டசபையில பேசுறது எப்படி, நடந்துக்கிறது எப்படி

இது தமிழ்நாடு சட்டப்பேரவைக்குள்ள முதல் தடவையா போறவங்களுக்கும், அவங்க பி.ஏ.க்களுக்கும், பக்கத்துல இருந்து பேப்பர் தயார் பண்ணிக் கொடுக்குற பசங்களுக்கும் எழுதுறது. பிரச்சாரம் பண்ணத் தெரிஞ்ச அளவுக்கு நம்ம ஆளுங்களுக்கு சபை விதி தெரியுறதில்ல, பேரவை விதிகள் புத்தகம்னு ஒண்ணு கையில கொடுப்பாங்க, பாதிப் பேர் அத திறந்துகூட பாக்க மாட்டாங்க, ஏன்னா விதிங்கறது நம்ம வாய அடைக்க வச்சிருக்குறதுன்னு ஒரு நினைப்பு. நான் சொல்றேன், உண்மை அப்படியே நேர் எதிர். 234 பேர்ல மெஜாரிட்டி வச்சிருக்கவங்களுக்கு விதி இல்லாட்டியும் காரியம் நடக்கும், கடைசி வரிசையில உக்காந்திருக்குற ஒத்தை எம்.எல்.ஏ.வுக்கு ஒரு அமைச்சர எழுந்து நின்னு பதில் சொல்ல வைக்க இருக்குற ஒரே வழி அந்த புத்தகம்தான். அதனால மத்தது எல்லாத்துக்கும் முன்னாடி அத ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க.

முதல் நாள் உறுதிமொழி. இது அரசியல் சட்டம் 188-வது பிரிவு, உறுதிமொழி எடுக்காம சபையில உக்காந்தாலோ ஓட்டு போட்டாலோ 193-வது பிரிவு படி ஒரு நாளைக்கு 500 ரூபாய் அபராதம். எழுதி இருக்குறத அப்படியே வாசிங்க, நடுவுல தலைவர் பேர சேக்குறது, கோஷம் போடுறதெல்லாம் வேணாம், அந்த கைதட்டலுக்கு வெளிய மேடை இருக்கு. அப்புறம் அட்டென்டன்ஸ். அனுமதி வாங்காம 60 நாள் கூட்டங்களுக்கு வராம இருந்தா உங்க இடம் காலின்னு சபையே அறிவிக்கலாம். சபை நடக்கணும்னா மொத்தத்துல பத்துல ஒரு பங்கு ஆள் இருக்கணும், நமக்கு அது 24 பேர். முக்கியமான மசோதா ஓடுறப்போ கேன்டீன்ல உக்காந்திருக்காதீங்க.

உள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் சபாநாயகர் இருக்கைய பாத்து வணங்கணும். பேசுறது எல்லாமே அவரப் பாத்துதான், "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சு. எதிர் பெஞ்சுக்காரர நேரா "நீங்க"ன்னு கேக்கக் கூடாது, பேரவைத் தலைவர் வழியாத்தான் கேக்கணும். இது சும்மா சம்பிரதாயம்னு நினைக்காதீங்க, நேருக்கு நேர் பேசுனா ரெண்டாவது வாக்கியத்துலயே அது சண்டையாயிடும், நடுவுல ஒருத்தர வச்சு பேசுறப்போ கோவம் பாதியா குறையும். ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது அவருக்கும் சபாநாயகருக்கும் குறுக்க நடக்காதீங்க. சபாநாயகர் எழுந்து நின்னா நீங்க உக்காந்துடணும். செல்போன வெளிய வச்சிட்டு போங்க, 2012-ல கர்நாடக சட்டசபையில அமைச்சர்கள் செல்போன்ல ஆபாச வீடியோ பாத்தது கேமராவுல சிக்கி 3 அமைச்சர்கள் ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு. முதல் பேச்சு கன்னிப் பேச்சு, அப்போ யாரும் குறுக்கிட மாட்டாங்க, அது ஒரு மரபு. அந்த நேரத்த தலைவர் புகழ் பாடியே தீத்துடாதீங்க, ஓட்டு போட்டவன் டிவியில பாத்துட்டு இருக்கான், 2022 ஜனவரியில இருந்து கேள்வி நேரத்த நேரலையா காட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், கேள்வி. உங்க கையில இருக்குற பெரிய ஆயுதம் இதுதான், இதத்தான் பல பேர் வீணடிக்கிறாங்க. வழக்கமா வர்ற கேள்வி எப்படி இருக்கும்னா, "எனது தொகுதியில் உள்ள அரசு மருத்துவமனையை தரம் உயர்த்த அரசு முன்வருமா?" இதுக்கு வர்ற பதில் எழுந்திருக்கும் முன்னாடியே எல்லாருக்கும் தெரியும், "நிதிநிலைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும்." அவ்வளவுதான், முடிஞ்சுது, ஊருக்கு போய் நான் கேட்டேன்னு சொல்லலாம், ஆஸ்பத்திரி அப்படியேதான் இருக்கும்.

இதையே இப்படி எழுதிக் கொடுங்க: அந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடம் எத்தனை, அதுல எத்தனை காலி, எந்த தேதியில இருந்து காலி, டயாலிசிஸ் மெஷின் எத்தனை, அதுல ஓடுறது எத்தனை, ஓடாதது எந்த மாசத்துல இருந்து ஓடல, ரிப்பேருக்கு எந்த தேதியில ஆர்டர் போட்டீங்க. இதுல ஒண்ணுக்குக்கூட பரிசீலிக்கப்படும்னு பதில் சொல்ல முடியாது, நம்பரத்தான் சொல்லியாகணும். அந்த நம்பர எடுக்குறதுக்கே செயலகத்துல இருந்து மாவட்டத்துக்கு போன் போகும், மாவட்டத்துல இருந்து ஆஸ்பத்திரிக்கு போகும், பாதி நேரம் கேள்வி சபைக்கு வர்றதுக்கு முன்னாடியே மெஷின் ரிப்பேராகி இருக்கும். கேள்வியோட பலமே அங்கதான் இருக்கு.

ஆனா கேள்வி அனுப்புறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரிக்கு நேர்ல போய் நர்ஸ் அக்காகிட்ட பேசிட்டு வந்துடுங்க, ஏன்னா அமைச்சர் தப்பான நம்பர் படிச்சா அங்கேயே துணைக் கேள்வி கேக்கணும். நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்குத்தான் வாய்மொழி பதிலும் துணைக் கேள்வியும், நட்சத்திரம் இல்லாததுக்கு எழுத்துல பதில் வந்துடும். புள்ளிவிவரம் மட்டும் வேணும்னா எழுத்து பதிலே போதும், அமைச்சர மடக்கணும்னா நட்சத்திரம் போடுங்க. துணைக் கேள்வி ஒரே வாக்கியமா இருக்கட்டும், எழுந்ததும் மூணு நிமிஷம் வரலாறு சொல்லி கடைசியில கேள்வி கேட்டா, அமைச்சர் அந்த வரலாறுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு உக்காந்துடுவாரு.

திடீர்னு ஏதாவது ஆயிடுச்சு, கேள்விக்கு காத்திருக்க முடியாதுன்னா நேரமில்லா நேரத்துல (கேள்வி நேரம் முடிஞ்சதும் அவசர விஷயத்த எழுப்புற நேரம்) எழுப்பலாம், இல்ல கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம், அதுல அமைச்சர் விளக்கம் சொல்லணும். ஒத்திவைப்பு தீர்மானம் அதவிட பெருசு, மத்த வேலைய நிறுத்திட்டு இத பேசுங்கன்னு கேக்குறது, சபாநாயகர் லேசுல அனுமதிக்க மாட்டாரு, அதனால உண்மையிலேயே அவசரமா இருந்தா மட்டும் கொடுங்க, தினம் ஒண்ணு கொடுத்தா உங்க பேப்பருக்கு மதிப்பு போயிடும். மானியக் கோரிக்கை விவாதத்துல, அதாவது ஒவ்வொரு துறையும் செலவுக்கு சபைகிட்ட காசு கேக்குறப்போ, வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம், அந்த துறைக்கு கேட்ட காசுல 100 ரூபாய குறைக்கணும்னு சொல்றது, 100 ரூபாய் முக்கியம் இல்ல, அத வச்சு ஒரு குறிப்பிட்ட குறைய பேச வாய்ப்பு கிடைக்கும். அன்னைக்கு அந்த துறை தன்னோட வேலை, திட்டத்த பத்தி கொடுக்குற கொள்கை விளக்கக் குறிப்பு புத்தகத்த போன வருஷ புத்தகத்தோட பக்கத்துல வச்சு படிங்க, போன வருஷம் சொன்னது இந்த வருஷம் சத்தமில்லாம காணாம போயிருக்கும், அதான் உங்களுக்கு பேச்சு. பேரவை விதி 110-ல, அதாவது முதல்வரோ அமைச்சரோ எழுந்து வாசிக்குற அறிக்கையா, அறிவிப்பு வந்தா அதுமேல விவாதம் கிடையாது, கத்தி பிரயோஜனம் இல்ல, எழுதி வச்சுக்கிட்டு ஆறு மாசம் கழிச்சு அரசாணை வந்துச்சா, காசு ஒதுக்குனாங்களான்னு கேள்வியா அனுப்புங்க.

பேசக் கூடாதது சிலது இருக்கு. சுப்ரீம் கோர்ட், ஹைகோர்ட் நீதிபதிங்க தங்களோட கடமையில நடந்துக்கிட்ட விதத்த பத்தி சபையில விவாதிக்க முடியாது, 211-வது பிரிவு. கோர்ட்ல நடக்குற கேஸுக்குள்ள போகக் கூடாது. ஒருத்தர் மேல குற்றச்சாட்டு சொல்லணும்னா முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஆதாரத்தோட வாங்க, குறிப்பா சபையில இல்லாத ஆள பத்தி பேசுறப்போ ரொம்ப ஜாக்கிரதை. 194-வது பிரிவு படி நீங்க சபையில பேசுனதுக்காக எந்த கோர்ட்டும் உங்கமேல நடவடிக்கை எடுக்க முடியாது, அதே நேரத்துல நீங்க பேர் சொன்ன அந்த மனுஷன் அங்க வந்து பதில் சொல்லவும் முடியாது. அவ்வளவு பெரிய பாதுகாப்ப வச்சுக்கிட்டு வெளிய இருக்குறவன அடிக்கிறது நியாயம் இல்லங்க. தப்பா ஒரு வார்த்தை விழுந்துடுச்சுன்னா சபாநாயகர் சொல்றதுக்குள்ள நீங்களே வாபஸ் வாங்கிடுங்க. அவைக் குறிப்புல இருந்து நீக்குன வார்த்தைய வெளியிடுறது உரிமை மீறல், அதாவது சபையோட உரிமைய மீறுன குற்றம், அதனால நீங்க வீராவேசமா பேசுன பத்து செகண்ட வெட்டி உங்க ஐ.டி விங் தம்பி வாட்ஸ்அப்ல போடுறதுக்கு முன்னாடி அது குறிப்புல இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

போராடணும்னா போராடுங்க. வெளிநடப்பு சரியான வழி, காரணத்த சொல்லிட்டு எழுந்து போங்க, பத்து நிமிஷத்துல திரும்பி வந்து அடுத்த விவாதத்துல உக்காருங்க. சபாநாயகர் மேடைக்கு முன்னாடி போறது, பேப்பர கிழிச்சு வீசுறது, மைக்க பிடுங்குறது இதெல்லாம் செஞ்சா காவலர் தூக்கிட்டு போவாங்க, சஸ்பெண்ட் ஆவீங்க, அப்புறம் உங்க தொகுதி கேள்விய யார் கேப்பா? மகாராஷ்டிராவுல 2021-ல 12 பேர ஒரு வருஷத்துக்கு சஸ்பெண்ட் பண்ணாங்க, அந்த கூட்டத்தொடர தாண்டி சஸ்பெண்ட் பண்ணது செல்லாதுன்னு 2022 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, ஆனா அதுக்குள்ள மாசக்கணக்குல அந்த தொகுதி ஜனங்களுக்கு சபையில ஆளே இல்ல. நம்ம சபையிலயே 1989 மார்ச் 25 பட்ஜெட் அன்னைக்கு நடந்த கைகலப்ப பத்தி இன்னமும் பேசுறாங்க, அந்த பட்ஜெட்டுல என்ன இருந்துச்சுன்னு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? பொருள் எதையாவது காட்டணும்னாலும் அனுமதி கேட்டுட்டு காட்டுங்க, 2017-ல தடை பண்ண குட்கா கடையில விக்குதுன்னு காட்ட திமுக உறுப்பினர்கள் பாக்கெட்ட சபைக்கு கொண்டு வந்தாங்க, விஷயம் மக்களோட விஷயம்தான், ஆனா உரிமைக்குழு நோட்டீஸ், ஹைகோர்ட்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு.

உரிமை மீறல்ங்கறத பத்தி தனியா ஒண்ணு சொல்லணும். அது உங்க வேலைய யாரும் தடுக்கக் கூடாதுன்னு கொடுத்தது, உங்கள விமர்சிச்சவன மிரட்ட கொடுத்தது இல்ல. 1987-ல ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சபை 3 மாசம் ஜெயில் கொடுத்துச்சு, எதிர்ப்பு கிளம்புனதும் சில நாள்லயே விடுதலை பண்ண வேண்டியதாச்சு, அப்புறம் ஹைகோர்ட் அது தப்புன்னு சொல்லி 1,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லுச்சு. மீம் போட்ட பையன் மேல உரிமை மீறல் கொண்டு வரலாமான்னு யாராவது கேட்டா இத ஞாபகப்படுத்துங்க.

இப்படித்தான் ஓட்டு போடணும்னு கட்சி கொறடா உத்தரவு வந்தா அத மீறி ஓட்டு போட்டாலோ, வராம இருந்தாலோ அரசியல் சட்டத்தோட பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) பதவி போகும், முன்கூட்டி அனுமதி வாங்கலாம், இல்லாட்டி 15 நாளுக்குள்ள கட்சி மன்னிச்சா தப்பிக்கலாம். சுயேச்சையா ஜெயிச்சவர் ஒரு கட்சியில சேந்தாலும் பதவி போச்சு. கொறடா உத்தரவு உங்க ஓட்ட கட்டும், உங்க வாய கட்டாது. மசோதாவுல குறை இருந்தா கட்சிக் கூட்டத்துல முதல்ல சொல்லுங்க, சபையிலயும் மரியாதையா திருத்தம் கேளுங்க.

காசு விஷயம். ஓட்டு போட, கேள்வி கேக்க, கேக்காம இருக்க, எதுக்கும் காசு வாங்காதீங்க. 1998-ல நரசிம்ம ராவ் கேஸ் தீர்ப்பால காசு வாங்கிட்டு சபையில ஓட்டு போட்டவங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருந்துச்சு, 2024 மார்ச் 4-ம் தேதி சீதா சோரன் கேஸ்ல 7 நீதிபதிங்க ஒரே குரல்ல அத எடுத்துட்டாங்க. காசு வாங்குன நிமிஷமே குற்றம் முழுசாயிடுது, அப்புறம் சொன்னபடி செஞ்சீங்களா இல்லையாங்கறது கணக்கே இல்ல, ராஜ்யசபா தேர்தல் ஓட்டுக்கும் இதேதான். அடுத்து கான்ட்ராக்ட். நீங்க கான்ட்ராக்டரா இருந்து அரசியலுக்கு வந்தவர்னா, மாநில அரசுக்கு சரக்கு சப்ளை பண்ற, வேலை எடுத்து செய்யுற ஒப்பந்தம் உங்க பேர்ல ஓடிட்டு இருக்கக் கூடாது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவுல தகுதி போயிடும். அத மச்சான் பேருக்கு மாத்திட்டா சட்டத்துல தப்பிக்கலாமோ என்னமோ, ஆனா அந்த ரோடு உங்க தொகுதியில பேந்து போறப்போ உங்களால எழுந்து கேள்வி கேக்க முடியாது, அதுதான் உண்மையான நஷ்டம், அது உங்களுக்கு இல்ல, ஊருக்கு. உங்க குடும்பத்துக்கு நிலமோ கம்பெனியோ இருக்குற விஷயம் விவாதத்துக்கு வந்தா, பேசுறதுக்கு முன்னாடி இதுல எனக்கு இன்ன சம்பந்தம் இருக்குன்னு சொல்லிட்டு பேசுங்க, ஓட்டெடுப்புல இருந்து ஒதுங்குறது நல்லது.

கமிட்டியில போட்டாங்கன்னா ஓரங்கட்டிட்டாங்கன்னு வருத்தப்படாதீங்க. பொதுக் கணக்குக் குழுவுல சிஏஜி (அரசோட வரவு செலவ தணிக்கை பண்ற அதிகாரி) அறிக்கைய வச்சுக்கிட்டு துறைச் செயலாளர உக்கார வச்சு கேள்வி கேக்கலாம், கேமரா இல்லாததால அங்க எல்லா கட்சிக்காரங்களும் ஒழுங்கா வேலை பாப்பாங்க. அரசு உறுதிமொழிக் குழுவும் அதே மாதிரி, சபையில அமைச்சர் செய்யுறேன்னு சொன்னத எல்லாம் செஞ்சாரான்னு தொரத்துற வேலை அதோடது.

அதனால நீங்க பேசி முடிச்ச பிறகும் வேலை இருக்கு. பேச்ச அச்சுக்கு முன்னாடி உங்ககிட்ட சரிபாக்க கொடுப்பாங்க, எழுத்துப் பிழை, தப்பான நம்பர் மட்டும் திருத்துங்க, சொல்லாதத சேக்கவோ சொன்னத மாத்தவோ கூடாது. அமைச்சர் சொன்ன பதில்ல "செய்யப்படும்"னு வந்த வாக்கியத்த எல்லாம் கோடு போட்டு, தேதி, கேள்வி எண், துறை பேரோட ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க உங்க பி.ஏ.கிட்ட. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த நோட்ட எடுத்து, நடக்காததுக்கு துறைச் செயலாளருக்கு ஒரு லெட்டர், உறுதிமொழிக் குழுவுக்கு ஒரு காப்பி, ரெண்டுலயும் அவைக் குறிப்போட பக்க எண் போட்டு அனுப்பிடுங்க.