பழைய பில்லிங் மென்பொருளை இன்றைய வலைச் சேவைகளோடு இணைப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

பல ஆண்டுகளாகத் தடங்கலின்றி ஓடும் ஒரு பில்லிங் மென்பொருள். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது அந்தக் கணக்குகளை வாடிக்கையாளர்கள் செல்பேசியில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். உடனே யாராவது "மொத்தத்தையும் புதிதாக எழுதிவிடலாம்" என்பார். தயவுசெய்து அதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கப்படாத நூறு விதிகள் அந்த நிரலுக்குள்தான் இருக்கின்றன. பழையதைத் தொடாமல், அதற்கும் வலைக்கும் நடுவே மொழிபெயர்க்கும் ஓர் இடையடுக்கை வைப்பதுதான் நாம் செய்யப்போவது.

படி 1: எந்த வாசல் திறந்திருக்கிறது?

தகவலை வெளியே எடுக்கப் பெரும்பாலும் நான்கு வழிகள் உண்டு: செய்தி வரிசை (மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்திகளை வரிசையாக விட்டுச்செல்லும் இடம்), தரவுத்தளம், இரவில் எழுதப்படும் கோப்பு, ஒன்றுமே இல்லையென்றால் திரை. நான் தேடுவதும் இதே வரிசையில்தான். திரையில் தெரிவதை நிரல் வைத்துப் படிப்பது கடைசிப் புகலிடம். ஒரு தலைப்பு இரண்டு எழுத்து நகர்ந்தாலே அது உடைந்துவிடும். தரவுத்தளம் கிடைத்தால், படிக்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனர் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். எழுதும் உரிமையைக் கொடுத்தாலும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: ஒரே ஒரு பதிவைக் கையால் பிரியுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். இரவுக் கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

00045172403120001250502

காற்புள்ளி இல்லை, இடைவெளி இல்லை. எந்தப் புலம் (பதிவிலுள்ள ஒரு தனித் தகவல்) எத்தனை எழுத்து என்ற வரைபடம் தனியே இருக்கும். கோபோல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய நிரல்களில் அதற்குக் காப்பிபுக் என்று பெயர். நம் எடுத்துக்காட்டில் முதல் 7 எழுத்து பில் எண், அடுத்த 6 தேதி, அடுத்த 9 தொகை, கடைசி ஒன்று வகை.

பில் எண் 0004517. தேதி 240312, அதாவது 2024 மார்ச் 12. தொகை 000125050. இது ஒரு லட்சத்து இருபத்தையாயிரத்து ஐம்பது அன்று. கடைசி இரண்டு இலக்கங்களுக்கு முன் கண்ணுக்குத் தெரியாத தசமப் புள்ளி ஒன்று இருப்பதாக வரைபடம் சொல்கிறது. ஆகவே 1250.50. வகை 2 என்றால் சரக்குத் திரும்பி வந்த பில். அப்படியானால் தொகை கழிக்கப்பட வேண்டியது. ஆனால் கோப்பில் கழித்தல் குறி எங்குமே இல்லை. அந்த மென்பொருளின் மொத்த விற்பனை அறிக்கை மட்டும் இந்த விதியை அறிந்திருக்கிறது. இதைத் தவறவிட்டால் உங்கள் வலைப்பக்கம் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல், தவறான தொகையை அழகாகக் காட்டும்.

தேதியிலும் கவனம் வேண்டும். ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதால் 62 என்பது 1962ஆ 2062ஆ என்று நீங்கள்தான் விதி வகுக்க வேண்டும். 999999 என்று வந்தால் பெரும்பாலும் 'முடிவுத் தேதி இல்லை' என்று பொருள். இதையெல்லாம் அந்தத் திரையின் முன் அன்றாடம் உட்காருபவரிடம் கேளுங்கள். கையேட்டைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

கோப்பு மெயின்பிரேம் எனும் பெருங்கணினியிலிருந்து வருகிறதென்றால் இன்னொரு அடுக்கும் உண்டு. 1964இல் ஐபிஎம் சிஸ்டம்/360 கணினி வரிசையோடு அறிமுகமான எப்சிடிக் என்ற எழுத்துக் குறியீட்டில் '0' என்ற எழுத்தின் மதிப்பு 240; மற்றக் கணினிகளில் பரவலான ஆஸ்கி குறியீட்டில் அது 48. எழுத்துகளுக்கு மாற்று அட்டவணை போதும். தொகை மட்டும் 'பேக்டு டெசிமல்' முறையில் இருக்கலாம்: ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் குறி. அங்கே 12 இருந்தால் கூட்டல், 13 இருந்தால் கழித்தல். கோப்பை அனுப்பும்போதே முழுவதையும் ஆஸ்கிக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொகைகள் மீட்க முடியாதபடி சிதைந்துவிடும். பைனரியாகவே வாங்கி, புலம் புலமாக மாற்றுங்கள்.

படி 3: படிப்பதற்கு மட்டும் ஒரு ஏபிஐ

ஏபிஐ என்பது மற்ற நிரல்கள் வந்து தகவல் கேட்கும் வாசல். பிரித்த அந்தப் பதிவு அதன் வழியே ஜேசான் என்ற உரை வடிவில் இப்படி வெளியே போகட்டும்:

{ "பில்_எண்": "0004517", "தேதி": "2024-03-12", "வகை": "சரக்குத் திரும்பியது", "தொகை": "-1250.50" }

பில் எண்ணை மேற்கோளுக்குள் சரமாக (எழுத்துத் தொடராக) வைத்திருப்பதைக் கவனியுங்கள். எண்ணாக அனுப்பினால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். 16 இலக்கக் கணக்கு எண் என்றால் ஆபத்து இன்னும் பெரிது: ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும், அதைத் தாண்டினால் கடைசி இலக்கம் மாறிப்போகலாம். பழைய மென்பொருளின் '2' என்ற வகைக் குறியும் இடையடுக்கைத் தாண்டி வெளியே வரக்கூடாது. அது ஒருமுறை வெளியேறிவிட்டால் செல்பேசிச் செயலி வரை எல்லா நிரலும் அந்தக் குறியைச் சுமக்கத் தொடங்கிவிடும்.

படி 4: பழைய சர்வருக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள்

ஒவ்வொரு வலைக் கோரிக்கையும் பழைய தரவுத்தளத்தைத் தட்டினால், உங்கள் தேடலும் அங்கே பில் போடுபவரின் வேலையும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு காத்திருக்க நேரலாம். தனிப் பிரதி ஒன்றை வைத்து, ஏபிஐ அதிலிருந்து படிக்கட்டும். பிரதியைக் குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பித்தாலே தொடக்கத்துக்குப் போதும். எத்தனை மணி நிலவரம் என்பதைத் திரையில் காட்டிவிடுங்கள்.

படி 5: எழுதுவது

படிப்பது சில வாரமாவது சரியாக ஓடிய பிறகு இங்கே வாருங்கள். வலையிலிருந்து வரும் ஆர்டரை நேராகப் பழைய அட்டவணைக்குள் திணிக்காதீர்கள். இருப்பைக் குறைப்பது, வரியைக் கணக்கிடுவது எல்லாம் அதன் நிரலில் இருக்கின்றன. அட்டவணையில் மட்டும் ஒரு வரி சேர்த்தால் அவை எதுவும் நடக்காது. அந்த மென்பொருளே ஏற்றுக்கொள்ளும் இறக்குமதிக் கோப்பு வழியாகவோ செய்தி வரிசை வழியாகவோ போங்கள்.

நான் தொடக்க காலத்தில் செய்த ஓர் இணைப்பில், நாள் முடிவுக் கணக்கு ஓடும் நேரத்தில் பழைய சர்வர் பதில் சொல்ல 40 வினாடி எடுத்துக்கொண்டது. வலைச் சர்வரோ 30 வினாடியில் பொறுமை இழந்து அதே ஆர்டரை மறுபடி அனுப்பியது. இரண்டும் பதிவாயின. பதில் வரவில்லை என்பதற்கு வேலை நடக்கவில்லை என்று பொருளில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் அது பிறக்கும் இடத்திலேயே தனி அடையாள எண் கொடுக்கிறேன். இடையடுக்கு அந்த எண்களை ஓர் அட்டவணையில் ஒரே எண் இரண்டு முறை பதிவாக முடியாத விசையாக வைத்திருக்கும். அதே எண் மீண்டும் வந்தால் புதிதாக எதுவும் செய்யாமல், முதல் ஆர்டரின் நிலையையே திருப்பித் தரும். வரிசையில் நிற்கும் ஆர்டரை வாடிக்கையாளருக்கு 'பெறப்பட்டது' என்று காட்டுங்கள். பழைய மென்பொருள் ஒப்புக்கொண்ட பிறகுதான் 'உறுதியானது'.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வரி: பழைய சர்வர் இணையத்துக்கு நேராகத் தெரியவே கூடாது. கடவுச்சொல் சரிபார்ப்பும் மறைகுறியாக்கமும் இடையடுக்கில் நடக்கட்டும்.

படி 6: தினமும் ஒப்பிடுங்கள்

ஒவ்வொரு இரவும் இரண்டு பக்கத்திலும் மூன்று எண்களை எடுங்கள்: பில்களின் எண்ணிக்கை, மொத்தத் தொகை, கடைசி பில் எண். ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் காலையில் உங்களுக்கு மின்னஞ்சல் வர வேண்டும். சிறிய வித்தியாசம்தானே என்று விடாதீர்கள். 2ஆம் வகை போல இன்னொரு எழுதப்படாத விதி அதற்குள் ஒளிந்திருக்கலாம்.

மென்பொருள் வடிவமைப்பைப் பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலர் 2004இல் இப்படிப் படிப்படியாக மாற்றும் முறைக்கு, ஆஸ்திரேலிய மழைக்காட்டில் தாம் கண்ட அத்தி மரத்தை உவமையாகச் சொன்னார். வேறொரு மரத்தின் உச்சியில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, மெல்ல அதன் இடத்தைப் பிடிக்கும் மரம் அது. உங்கள் ஒப்பீடு ஒரு மாதக் கடைசியையும் ஓர் ஆண்டுக் கணக்கு முடிப்பையும் வித்தியாசமின்றித் தாண்டட்டும். அதன் பிறகு, பழைய மென்பொருளிலிருந்து ஒரே ஒரு சிறிய வேலையை, விலைப்பட்டியல் அச்சிடுவது போன்ற ஒன்றை, புதிய பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.