கொங்கு வெயிலில் சின்ன ரீஃப் தொட்டி: தண்ணீரின் சூட்டை நிலையாக வைக்கும் முறை

ரீஃப் தொட்டி என்பது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி. பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை ஒத்துவரும். அதற்குள் எந்த எண்ணில் வைத்தாலும் சரி, காலைக்கும் மாலைக்கும் இடையே ஒரு டிகிரிக்கு மேல் ஆடக் கூடாது. பெரிய தொட்டி மெல்லச் சூடேறி மெல்ல ஆறும். 60 லிட்டர் தொட்டிக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. ஈரோடு, கரூர், சேலம் பக்கம் சித்திரை மதியத்தில் வீட்டுக்குள்ளேயே 34, 35 டிகிரி வந்துவிடும். கோவையில் மார்கழி விடியலில் 20-க்கும் கீழே போகும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சூடு கூடினால் பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி கெடுதலான ஆக்சிஜன் சேர்மங்களை உண்டாக்குகிறது. பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகிறது. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் நடந்ததும் இதுதான். (நம் கடலில் எடுத்த கல் பவளத்தை யார் விற்றாலும் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது.)

1. முதலில் அளவெடுங்கள்

உயிர் எதையும் விடுவதற்கு முன் உப்பு நீர், பம்ப், விளக்கு எல்லாவற்றையும் ஒரு வாரம் ஓட விடுங்கள். காலை 6, மதியம் 2, மாலை 6, இரவு 10 மணிக்கு நீரின் வெப்பநிலையை எழுதி வையுங்கள். உச்சம் பெரும்பாலும் மதியத்தில் வராது, மாலையில்தான் வரும். அறை சூடாகி, அது நீருக்குள் இறங்க நேரமாகும்.

தெர்மாமீட்டரையும் சோதியுங்கள். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், அதில் கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கி முனையை வைத்தால் 0 காட்ட வேண்டும்.

2. உள்ளே வரும் சூட்டைக் குறையுங்கள்

மேற்குச் சுவர், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, ஜன்னல் வெயில் மூன்றும் ஆகாது. பம்ப் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுதும் நீரில்தான் சூடாக முடிகிறது. 20 வாட் பம்ப், சூடு வெளியேற வழியில்லாவிட்டால், 60 லிட்டரை மணிக்கு ஏறக்குறைய 0.3 டிகிரி ஏற்றும். அதனால் குறைந்த வாட் டி.சி. பம்ப் வாங்குங்கள். விளக்கை மாலை 4 முதல் இரவு 11 வரை எரிய விடலாம். நண்பகல் சூடும் விளக்குச் சூடும் ஒன்றுசேராது. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், மீன் குதிக்காது.

3. ஃபேன்

கொங்கு நாட்டுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. மண்பானையில் தண்ணீர் குளிர்வது போலத்தான் இதுவும். ஒரு லிட்டர் ஆவியாகும்போது 60 லிட்டர் நீரைச் சுமார் 10 டிகிரி இறக்கும் அளவு வெப்பத்தை எடுத்துப் போகிறது. அறையிலிருந்து சூடு திரும்பத் திரும்ப உள்ளே வருவதால் நமக்கு மிஞ்சுவது 2 முதல் 4 டிகிரி. பங்குனி, சித்திரையில் நம் பக்கம் காற்று வறண்டிருப்பதால் ஃபேன் நன்றாக வேலை செய்யும். ஐப்பசி மழையில் ஈரக்காற்று வந்தால் பலன் குறையும், அப்போது தேவையும் குறைவு.

120 மி.மீ. 12 வோல்ட் ஃபேன் இரண்டு போதும். காற்று நீர்ப்பரப்பை உரசிப் போகும்படி சாய்த்து மாட்டுங்கள். இறக்கையில் படியும் உப்பை வாரம் ஒருமுறை துடையுங்கள்.

ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே நின்றுவிடும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதிகமாகக் கோட்டைவிடுவது இங்கேதான். 60 லிட்டரில் ஒரு நாளில் ஒன்றரை லிட்டர் குறைந்தால் ஆயிரத்துக்கு 35 ஆக இருந்த உப்பு 35.9 ஆகும். இரண்டு நாள் கவனிக்காவிட்டால் 36.8. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு டேப் ஒட்டி, காலையும் மாலையும் உப்பில்லாத நீரால் அந்தக் கோடு வரை நிரப்புங்கள். முடிந்தால் தானியங்கி டாப்-அப் மாட்டுங்கள். போர் தண்ணீர் கூடவே கூடாது. வீட்டு ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காகத் தாது சேர்க்கும் கேட்ரிட்ஜ் இருக்கும், அந்தத் தண்ணீரும் சரிவராது. மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வழியாக வந்த, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 5-க்குள் இருக்கும் நீர் வேண்டும்.

4. ஹீட்டரும் கன்ட்ரோலரும்

60 லிட்டருக்கு 50 வாட் ஹீட்டர் போதும். பெரியது வாங்கினால், அதன் உள் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும் நாளில் தொட்டி வெந்துவிடும். அதனால் ஹீட்டரை நேராக பிளக்கில் செருகாமல் நீரின் சூட்டைப் பார்த்துக் கரண்டை விட்டு நிறுத்தும் எஸ்.டி.சி.-1000 போன்ற கன்ட்ரோலர் வழியாகக் கொடுங்கள். அதில் ஹீட்டிங், கூலிங் என இரண்டு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) உண்டு. ஃபேனின் அடாப்டரைக் கூலிங் பக்கம் கொடுங்கள். வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். உப்புத் தண்ணீர் பக்கத்தில் இருப்பதால் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

கன்ட்ரோலரில் எஃப்1 என்பது வேண்டிய வெப்பநிலை, எஃப்2 என்பது அதிலிருந்து எவ்வளவு விலகினால் ரிலே இயங்க வேண்டும் என்ற அளவு. எஃப்1-ஐ 25.5, எஃப்2-ஐ 0.5 என வையுங்கள். 26.0-இல் ஃபேன் ஓடும், 25.0-இல் ஹீட்டர் ஓடும், 25.5-க்கு வந்ததும் எதுவானாலும் நிற்கும். ஹீட்டரின் சொந்தத் திருகை 27-இல் வையுங்கள், ரிலே ஒட்டிக்கொண்டாலும் அது தடுக்கும். கோடை நெருங்கும்போது எஃப்1-ஐ வாரத்துக்கு அரை டிகிரியாக 27 வரை ஏற்றி, ஹீட்டர் திருகையும் அதோடு ஒன்றரை டிகிரி மேலே வையுங்கள்.

கன்ட்ரோலரின் சென்சாரை நீரோட்டம் உள்ள இடத்தில், ஹீட்டரிலிருந்து தள்ளி, நீர்மட்டம் இறங்கினாலும் மூழ்கியிருக்கும் ஆழத்தில் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். அது வெளியே விழுந்தால் அறைக் காற்றை அளக்கும். மார்கழி இரவில் அப்படி ஆனால் ஹீட்டர் அதன் சொந்தத் திருகு தடுக்கும் வரை ஓடும்.

5. ஃபேன் தாங்காவிட்டால்

அறை 32-ஐத் தாண்டும் வீட்டில் ஃபேன் மட்டும் போதாது. 1/10 ஹெச்.பி. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்குங்கள், அல்லது தொட்டியை ஏ.சி. அறைக்கு மாற்றுங்கள். சில்லரை ஸ்டாண்டின் அலமாரிக்குள் அடைக்காதீர்கள், அது கக்கும் சூடு வெளியேற வேண்டும். கம்ப்ரஸர் இல்லாமல் மின்தகட்டால் குளிர்விக்கும் பெல்டியர் வகைச் சில்லருக்குக் காசைப் போடாதீர்கள், 60 லிட்டருக்கு அது காணாது.

6. மின்தடை நாள்

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் நிறுத்தும் தேதியை முன்பே பார்த்து வையுங்கள். முதலில் தீர்வது ஆக்சிஜன். நீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்கோ கூடுதலாக வேண்டும். பேட்டரி ஏர் பம்பை உடனே போடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அலை பம்பும் ஃபேனும் மட்டும் அதில் ஓடட்டும்.

அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, நான்கைந்து பாட்டில்களை ஃப்ரீசரில் உறைய வையுங்கள். ஒரு பாட்டில் முழுதும் கரைந்தால் 60 லிட்டரில் முக்கால் டிகிரி இறங்கும். மூடியபடியே, மணிக்கு ஒன்றுக்கு மேல் போகாமல் மிதக்க விடுங்கள். ஐஸை நேரடியாகப் போட்டால் உப்பு நீர்த்துவிடும்.

நீர் 29-க்குப் போயிருந்தாலும் அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறக்க வேண்டாம். மணிக்கு அரை முதல் முக்கால் டிகிரி வேகமே போதும். கரண்ட் வந்ததும் கன்ட்ரோலரின் எண்ணை ஒருமுறை தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.