ஆமை மேயும் இடத்தில் புல்லும் செடியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். நட்சத்திர ஆமையைப் பிடித்து வந்து வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே பேசப்போவது, முறையாகப் பதிவு செய்து வளர்க்கிற சல்காட்டா என்ற ஆப்பிரிக்கத் தரை ஆமையைப் பற்றி.

பலரும் நர்சரியில் கொரியன் புல்லைப் பத்தை பத்தையாக வாங்கி விரித்துவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் நெல்லை வெயிலில் அது நிற்க ஓயாமல் தண்ணீர் விடவேண்டும். சல்காட்டாவோ சகாராவின் தென்விளிம்பில், வறண்ட மண்ணில் வாழ்ந்து பழகியது. அதிலும் கரிசல் மண் ஈரத்தை லேசில் விடாது. ஆமையின் அடிவயிறு நாள் முழுக்கச் சகதியில் கிடந்தால் ஓடு அழுக ஆரம்பித்துவிடும். அருகம்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் போதும். புரட்டாசியில் விதைத்தால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் விடுவதென்றால் விடியற்காலையில் விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் மேல்மண் உலர்ந்துவிடும்.

அடுத்து, முழு இடத்தையும் ஒரேயடியாகத் திறந்துவிடுவது. சல்காட்டா தரையோடு தரையாக மேயும், போதாததற்குக் குழியும் தோண்டும். நடுவில் ஒரு தடுப்புக் கட்டி, ஒரு பாதியில் மேயவிட்டு மறுபாதியைச் சும்மா போடுங்கள். நாலு விரல் உயரம் வந்த பிறகு மாற்றிவிடலாம். கிடை போடுகிற ஆட்டுக்காரர்களிடம் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது ராதாபுரம் பக்கம் வெறும் காற்றுதான். புல் காய்ந்து போகும். உடனே பதறி முட்டைக்கோஸும் வாழைப்பழமும் போடுகிறார்கள். தேவையே இல்லை. காய்ந்த புல்லும் அதற்குத் தீனிதான், நார்ச்சத்து முழுக்க அதில் இருக்கிறது. பழம்தான் வயிற்றைக் கெடுக்கும்.

பெரிய ஆபத்து வேலியில் இருக்கிறது. ஆடு கடிக்காது என்பதற்காகவே நம் ஊரில் வேலியோரம் அரளி வைப்பது வழக்கம். ஆமைக்கும் அந்த விவரம் இருக்கும் என்று நம்பாதீர்கள். பக்கத்து வீட்டு அரளி இலை காற்றில் வந்து விழுந்தாலும் பொறுக்கிப் போட்டுவிட வேண்டும். எருக்கு, ஆமணக்கு, உண்ணிச்செடி எல்லாமே விஷம். பதிலுக்குச் செம்பருத்தி, முருங்கை வையுங்கள். ஆனால் வேலிக்கு வெளியே வைத்துக் கிளையை உள்ளே சாய விடுங்கள். உள்ளே நட்டால் கன்றிலேயே மோதிச் சாய்த்துவிடும். சப்பாத்திக்கள்ளியை முள் பொசுக்கிக் கொடுக்கலாம்.

நர்சரிச் செடியில் பூச்சிமருந்து ஊறியிருக்கும். சில மாதம் தனியே வளர்த்து, புதிதாக விட்ட தளிரைத்தான் கொடுக்க வேண்டும். யூரியா, களைக்கொல்லி இரண்டும் வேண்டவே வேண்டாம். சும்மா கிடக்கிற பாதியில் நன்றாக மக்கிய தொழுவுரம் போடலாம். நெருஞ்சியைக் காய் பிடிக்குமுன் கையால் பிடுங்குங்கள். அப்புறம், கார்த்திகை அடைமழையில் காளான் முளைக்கும். காலையில் ஆமை வெளியே வருமுன் ஒரு சுற்று நடந்து அதைக் களைந்துவிடுங்கள்.